பழைய மோட்டார் சைக்கிளின் சாவி சுவிட்ச்: பராமரிப்பும் இடமாற்றமும்

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டால், நாம் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைக்கிறோம். அதன் பின்னர் கார்பரேட்டரில் கை வைக்கிறோம். சாவியைச் செருகித் திருப்பும் அந்தச் சிறு சுவிட்சைச் சந்தேகிப்பவர் சிலரே. ஆனால் வண்டியின் மின்சாரம் முழுவதும் அல்லது அதன் பெரும்பகுதி அந்த ஒரு வாயில் வழியாகவே செல்கிறது. அவ்வாயில் பழுதுபட்டால், மற்ற எல்லா உறுப்புகளும் செம்மையாக இருந்தும் வண்டி அசையாது. பட்டறை இருக்கும் ஊர் பத்து அல்லது பதினைந்து மைலுக்கு அப்பால் உள்ள கிராமத்தாருக்கு, இதனால் நேரும் இடர் சிறிதன்று. விடியுமுன் பால் கொண்டு செல்பவரும், இரவில் பிரசவத்திற்குச் செவிலியரை அழைத்து வரச் செல்பவரும் நம்பியிருப்பது இச்சிறு பொருளையே ஆகும்.

இக்கட்டுரையில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்தச் சுவிட்சின் வேலை, அது கெடும் விதம், அதனைப் பேணும் முறை, தேவைப்பட்டால் வேறு இடத்திற்கு மாற்றும் முறை ஆகியவற்றை விளக்குவோம்.

புல்லட்டும் நம் நாடும்

புல்லட் என்னும் பெயரை இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனம் 1932-ஆம் ஆண்டில் தன் வண்டிகளுக்குச் சூட்டியது. 1955-ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் சென்னையிலிருந்த மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. பின்னர் படிப்படியாகப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. பிறந்த நாட்டில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றுபோன பிறகும், திருவொற்றியூரில் அது தொடர்ந்து நடைபெற்றது. ஆகவே நம் மாநிலத்துப் பழைய மெக்கானிக்குகளுக்கு இவ்வண்டி கைவந்த பொருளாயிற்று.

346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் என்ஜின் கொண்டது இவ்வண்டி. ஒற்றை சிலிண்டருக்கு இயல்பான அதிர்ச்சி, வண்டியின் ஒவ்வொரு திருகையும் ஒவ்வொரு ஒயரையும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. சாவி சுவிட்சின் பெரும்பகைவன் இவ்வதிர்ச்சியே என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

சுவிட்ச் செய்யும் வேலை

பிளாட்டினம் பாயின்ட் கொண்ட பழைய புல்லட்டில் மின்சாரம் செல்லும் வழி எளிதானது. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் பியூஸ் வழியாகவும், அதன் பின் ஆம்ப்மீட்டர் வழியாகவும் சாவி சுவிட்சை அடைகிறது. சாவியைத் திருப்பியதும் அங்கிருந்து இக்னீஷன் காயிலுக்கும், காயிலிலிருந்து பாயின்டுக்கும் சென்று, வண்டியின் உலோக உடலில் முடிவடைகிறது. பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலில் எழும் உயர் மின்னழுத்தம் பிளக்கில் பொறியாகத் தோன்றுகிறது. சுவிட்சில் வழி அடைபட்டால் காயிலுக்கு மின்சாரம் இல்லை. காயிலுக்கு மின்சாரம் இல்லையேல் பொறியும் இல்லை.

மாக்னெட்டோ பொருத்திய பழங்கால வண்டிகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. மாக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அங்கே என்ஜினை நிறுத்துவதற்காகவே மின்சாரம் உலோக உடலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆகவே ஒருவகை வண்டியின் சுவிட்சை மற்றொரு வகை வண்டியில் பொருத்தினால் என்ஜின் கிளம்பாமற் போகலாம். அல்லது கிளம்பிய என்ஜின் நிற்காமற் போகலாம். வேலையைத் தொடங்குமுன் தம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொள்வது முதற்கடமையாகும்.

சுவிட்ச் கெடுவது எவ்வாறு?

சுவிட்சினுள் பித்தளை அல்லது செம்புத் தகடுகள் இரண்டு, வில்லின் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடுகின்றன. அத்தகடுகள் தூய்மையாகவும் அழுத்தமாகவும் தொடும் வரையில் தொல்லை இல்லை. மூன்று காரணங்களால் இந்நிலை கெடுகிறது.

முதலாவது ஈரம். பல புல்லட் வண்டிகளில் சாவி சுவிட்ச், ஸ்பீடாமீட்டரும் ஆம்ப்மீட்டரும் அமைந்த ஹெட்லைட் கூட்டின் மேற்புறத்தில் வானத்தை நோக்கி இருக்கிறது. மழைநீர் சாவித் துவாரத்தின் வழியே நேராக உள்ளே இறங்குகிறது. பம்பு செட்டுத் தொட்டியருகே வண்டியை நிறுத்தி, பீறிட்டு வரும் நீரைக் கூட்டின்மேல் பாய்ச்சிக் கழுவும் வழக்கமும் இதே தீங்கை விளைவிக்கிறது. உள்ளே புகுந்த நீர் தகடுகளில் பச்சைக் களிம்பை ஏற்றுகிறது.

இரண்டாவது சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பம்பு செட்டு அறையின் சாவி ஆகிய அனைத்தையும் வண்டிச் சாவியுடன் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிடுவோர் பலர். என்ஜின் அதிரும்போதெல்லாம் அக்கொத்து மணியின் நாக்கைப்போல ஆடுகிறது. பூட்டின் உட்பகுதி தேய்கிறது, தகடுகள் தளர்கின்றன. நாளடைவில் சாவி தானாகவே நழுவித் திரும்பி, ஓடும் வண்டியின் என்ஜின் நின்றுவிடும் நிலை ஏற்படுகிறது.

மூன்றாவது ஒயர்களின் அசைவு. ஹெட்லைட் கூடு கைப்பிடியுடன் சேர்ந்து திரும்புகிறது. ஆகவே கூட்டினுள் நுழையும் ஒயர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் பல சென்றபின் மேலுறை விரிந்து, உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. உறை கிழிந்த ஒயர் உலோகத்தைத் தொட்டால் ஒயர்க்கட்டு முழுவதும் எரியவும் கூடும். அவ்வொயர்க்கட்டு பெட்ரோல் டாங்கின் அடியிலேயே செல்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் அபாயம் விளங்கும்.

சிறு தடையின் பெருந்தீங்கு

சுவிட்ச் முற்றிலும் கெடுவதற்கு முன்பே அதன் தீங்கு தொடங்கிவிடுகிறது. இதனை ஓர் எளிய கணக்கால் காட்டுவோம். 6 வோல்ட் பாட்டரியில் எரியும் 36 வாட் ஹெட்லைட் 6 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. அதாவது அவ்விளக்கின் தடை 1 ஓம். ஹெட்லைட்டுக்கான மின்சாரம் சாவி சுவிட்சின் வழியாகச் செல்லும் அமைப்புள்ள வண்டியில், களிம்பேறிய தகடுகள் ஓம் அளவில் பத்தில் ஒரு பங்கு தடையை மட்டும் உண்டாக்குவதாகக் கொள்வோம். அப்போது சுவிட்சிலேயே அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் வீணாகிறது. வோல்ட் குறையும் அளவைக் காட்டிலும் ஒளி விரைவாகக் குறையும் இயல்புடையது இழை விளக்கு. ஆகவே ஒளியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறோம். அத்துடன் ஏறக்குறைய 3 வாட் வெப்பம் அச்சிறு சுவிட்சினுள் தேங்குகிறது. வெப்பத்தால் வில் வலுவிழக்கிறது. வில் தளர்ந்தால் தடை மேலும் கூடுகிறது. தடை கூடினால் வெப்பமும் மிகுகிறது. இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்த்து, ஒருநாள் சுவிட்ச் உருகிப் போகிறது.

12 வோல்ட் வண்டியில் அதே 36 வாட் விளக்குக்கு 3 ஆம்பியர் போதும். ஆகவே அங்கே இழப்பு குறைவு. ஆயினும் இல்லாமற் போவதில்லை.

பழுதைக் கண்டறிதல்

ஆம்ப்மீட்டர் உள்ள வண்டியில் பழுதை அறிவது எளிது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்திப் பார்க்கவேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் குறைவுப் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். இவ்வாறு முள் அசைந்தால், காயில் வரையில் வழி திறந்திருக்கிறது என்று பொருள். முள் சற்றும் அசையாவிட்டால் பியூஸ், சுவிட்ச், காயில், பாயின்ட் ஆகியவற்றுள் ஒன்றில் வழி அடைபட்டிருக்கிறது. பியூஸ் நன்றாயிருப்பின், சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சிறிது நேரம் இணைத்துப் பார்க்கலாம். அப்போது முள் அசைந்தால் குற்றம் சுவிட்சினுடையதே. இச்சோதனையைச் செய்யும்போது ஒயரின் முனை வேறெந்த உலோகத்தையும் தொடாதவாறு கவனிக்கவேண்டும்.

மல்டிமீட்டர் இருப்பின் சோதனை இன்னும் நுட்பமாகும். ஹெட்லைட்டை எரியவிட்டு, சுவிட்சின் உள்வரும் முனையிலும் வெளிச்செல்லும் முனையிலும் மீட்டரின் இரு ஊசிகளையும் வைத்து வோல்ட் அளவைப் பார்க்கவேண்டும். நல்ல சுவிட்ச் 0.1 வோல்ட் அளவே காட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதனைக் கழற்றித் துப்புரவு செய்யும் காலம் வந்துவிட்டது.

பராமரிப்பு

பராமரிப்புக்கு வேண்டுவன செலவல்ல, ஒழுங்கே. ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்திற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையுமாக, கீழ்க்கண்டவற்றைச் செய்தால் போதுமானது.

பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே கூட்டைத் திறக்கவேண்டும். சுவிட்சின் பின்புற முனைகளில் தளர்ந்தவற்றை இறுக்கவேண்டும். களிம்பு பிடித்தவற்றை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். மின் தொடுமுனைகளைத் துடைப்பதற்கென்றே விற்கப்படும் தெளிதிரவத்தைச் சுவிட்சினுள் தெளித்து, சாவியை இருபது முப்பது தடவை திருப்பினால் உள்ளிருக்கும் அழுக்கு கரைந்து வெளியேறும். நன்கு உலர்ந்த பிறகே பாட்டரியை இணைக்கவேண்டும். இறுக்கிய முனைகளின் வெளிப்புறத்தில் சிறிது வாசலின் பூசினால் ஈரம் அணுகாது.

சாவித் துவாரத்தில் என்ஜின் எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ ஊற்றுவது தவறாகும். எண்ணெய் முதலில் வழவழப்பைத் தந்தாலும், பின்னர் சாலைப் புழுதியைப் பிடித்துச் சேறாக்கிவிடுகிறது. பென்சில் முனையைச் சுரண்டி எடுத்த கரித்தூளைச் சாவியின்மேல் தடவிச் செருகினால் பூட்டு இலகுவாகத் திரும்பும். ஆனால் கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஆகவே மிகச் சிறிதளவே போதும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் மூடியைத் துவாரத்தின்மேல் கவித்து வைத்தால், மழைநீர் பெரிதும் தடுக்கப்படும். வண்டிச் சாவியைக் கொத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிய பராமரிப்பாகும்.

வண்டியை நிறுத்தியபின் சாவியைத் திருப்பி எடுக்க மறத்தலாகாது. பாயின்ட் மூடிய நிலையில் என்ஜின் நின்றிருந்தால், மின்சாரம் காயிலில் இடைவிடாது பாய்ந்து, காயில் சூடேறுவதுடன் பாட்டரியும் வறண்டுவிடும்.

இடமாற்றம் எப்போது தேவை?

ஒழுங்காகப் பேணப்படும் சுவிட்சைத் தொழிற்சாலை அமைத்த இடத்திலேயே விட்டுவைப்பது நன்று. கூட்டின் துவாரம் தேய்ந்து சுவிட்ச் நிலைகொள்ளாதபோதும், கூட்டினுள் செல்லும் ஒயர்கள் அடிக்கடி அறுகின்றபோதும், மழையிலும் புழுதியிலும் அன்றாடம் ஓடவேண்டியிருக்கும்போதும் இடமாற்றத்தைப் பற்றி எண்ணலாம். மறைவான இடத்திலுள்ள சுவிட்ச் திருடனைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதும் உண்மையே. ஆனால் பாட்டரிக்கும் காயிலுக்கும் இடையே ஓர் ஒயரை இணைக்கத் தெரிந்தவனை எந்தச் சாவி சுவிட்சும் தடுத்துவிடாது. ஆதலால் கைப்பிடிப் பூட்டைக் கைவிடலாகாது.

தகுந்த இடம்

புதிய இடத்திற்கு நான்கு இலக்கணங்கள் உண்டு. அது சிலிண்டர், சைலன்சர் ஆகியவற்றின் வெப்பத்திற்கு அப்பால் இருக்கவேண்டும். சக்கரம் இறைக்கும் நீரும் சேறும் படாததாக இருக்கவேண்டும். கைப்பிடியுடன் திரும்பாத நிலையான பகுதியாக இருக்கவேண்டும். நான்காவதாக, இருக்கையில் அமர்ந்தபடியே கைக்கு எட்டவேண்டும்.

இந்நான்கும் பெரும்பாலும் பொருந்துவது, இடப்புறத்தில் இருக்கைக்குக் கீழே டூல் பாக்ஸை ஒட்டிய பகுதியாகும். வலக்கை ஆக்ஸிலரேட்டரிலும் முன் பிரேக்கிலும் இருப்பதால், இடப்புறமே ஏற்றது. அங்கே சாவித் துவாரம் வானத்தை நோக்காமல் பக்கவாட்டில் அமைவதால், நீர் தேங்குவதில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலோ, பின்னால் அமர்ந்த பெண்களின் சேலைத் தலைப்போ சாவியில் சிக்காதவாறு, சுவிட்சைச் சற்று உள்ளடங்கப் பொருத்தவேண்டும்.

சட்டகக் குழாயில் துளையிடுதலும் பற்றவைத்தலும் கூடவே கூடாது. சட்டகத்தின் வலிமையே வண்டியில் செல்வோரின் உயிருக்குக் காப்பு. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையை வளைத்து, முன்பே உள்ள திருகு ஒன்றில் முடுக்கி, அப்பட்டையில் சுவிட்சைப் பொருத்துவதே முறை.

செய்முறை

முதலாவது, பாட்டரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலுடன் இணைந்திருக்கும். பிற்கால வண்டிகளில் எதிர்முனை இணைந்திருக்கும். தம் வண்டியில் எம்முனை உடலைச் சேர்ந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பூட்டும்போது அவ்வாறே இணைக்கவேண்டும்.

இரண்டாவது, சுவிட்சிலிருந்து ஒயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் காகிதச் சீட்டொன்றைக் கட்டி, அது எந்த முனையைச் சேர்ந்தது என்று எழுதவேண்டும். ஆண்டுகள் சென்ற ஒயர்களில் நிறம் மங்கியிருப்பதால், நிறத்தை நம்புவது பிழைக்கு இடந்தரும். ஒரு காகிதத்தில் படமும் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஒயர்களை நீட்டவேண்டும். முதன்மை ஒயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும், காயிலுக்குச் செல்லும் ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டரும் கொண்ட, பல மெல்லிழைகளாலான செம்பு ஒயரே தகுதியானது. வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்ச்சியில் முறிந்துவிடும். ஒயரின் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் ஒரு மீட்டர் நீளத்திற்குத் தடை ஓம் அளவில் நூறில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமே. கவலைக்குரியது இணைப்பேயாகும். இரு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பாகாது. லக் வைத்து அழுத்துக் கருவியால் நன்கு நசுக்கி, சூட்டில் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்றிச் சுருக்கவேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பாயின், அதன் இருபுறமும் ஒயர் ஆடாதவாறு கட்டவேண்டும். இல்லையேல் ஈயம் முடியும் இடத்தில் இழைகள் அறுந்துபோகும்.

நான்காவது, பியூஸைப் பாட்டரிக்கு மிக அருகில் அமைக்கவேண்டும். பியூஸுக்கும் பாட்டரிக்கும் இடைப்பட்ட ஒயருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அந்நீளம் குறுகியதாக இருத்தல் வேண்டும். பழுதான பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் தகட்டுத் தாளையோ சுற்றுவது, ஒயர்க்கட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். 

ஐந்தாவது, ஆம்ப்மீட்டருக்குச் செல்லும் இரு ஒயர்களையும் கூட்டிலேயே விட்டுவைத்து, அதன் வெளிச்செல்லும் முனையிலிருந்து புதிய சுவிட்சுக்கு ஒயர் கொண்டுவரவேண்டும். ஒயர்களைப் பழைய ஒயர்க்கட்டுடன் சேர்த்து, டாங்கின் அடியே கூர்விளிம்புகளில் உரசாமல் செலுத்தி, துளைகளைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் இடவேண்டும். கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பி, எந்த ஒயரும் இழுபடவில்லை என்பதை உறுதிசெய்யவேண்டும். காலியான பழைய துவாரத்தை ரப்பர் அடைப்பானால் மூடாவிட்டால், கூட்டினுள் நீர் புகுந்து ஆம்ப்மீட்டரைக் கெடுக்கும்.

இறுதியாகப் பாட்டரியை இணைத்து, என்ஜினை ஓட்டி, சாவியை மூடியதும் அது நிற்கிறதா என்றும், விளக்குகளும் ஹாரனும் முன்போல் இயங்குகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். முன்பு கூறிய வோல்ட் சோதனையையும் மீண்டும் ஒருமுறை செய்யவேண்டும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டு என்ஜின் வேகம் குறையாத நிலை எப்போதேனும் ஏற்படலாம். அப்போது சுவிட்ச் இருக்கைக்குக் கீழே இருந்தால், அதனைத் தேடும் நேரத்தில் விபத்து நேர்ந்துவிடும். ஆகவே சாவி சுவிட்சை இடம் மாற்றும் எவரும், காயிலுக்குச் செல்லும் ஒயரின் இடையே கைப்பிடியில் ஒரு நிறுத்து பொத்தானைக் கட்டாயமாகப் பொருத்தவேண்டும். பழைய புல்லட்டின் இடக்கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரஷர் பிடியும் என்ஜினை நிறுத்த உதவும். ஆனால் அதன் கேபிள் சரியாக இருக்கிறதா என்பதை அவ்வப்போது பார்த்துவரவேண்டும். மேலும் அவ்வண்டியை இரவல் வாங்குபவருக்கும் ஓட்டிச் செல்லும் வீட்டாருக்கும் புதிய சுவிட்சின் இடத்தைச் சொல்லிவைப்பது கடமையாகும்.

கிராமத்துப் பட்டறைக்கு ஒரு சொல்

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சிலவே: திருப்புளி, ஸ்பானர், அழுத்துக் கருவி, டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர். அவை இருந்தால் எந்தக் கிராமத்து இளைஞரும் இத்தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். பம்பு செட்டின் ஸ்டார்ட்டரும், டிராக்டரின் சாவியும், உழவர் வீட்டு மின்விளக்கும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. மின்சாரம் செல்லும் வழியை ஒருமுறை தெளிவாக அறிந்துகொண்டவர் எதைக் கண்டும் மலைக்கமாட்டார். ஊருக்கு ஒருவரேனும் அவ்வாறு அறிந்திருந்தால், பால் கெடாமல் சென்றுசேரும். செவிலியர் வேளையோடு வந்துசேர்வார். பல ஆண்டுகள் உழைத்த பழைய வண்டி ஒரு சிறு சுவிட்சின் பொருட்டுப் பழைய இரும்புக்குப் போகாமல், மேலும் பல ஆண்டுகள் நமக்குத் தொண்டு செய்யும்.